அழிக்க மறந்த வாக்கியங்கள்

கணினிக் கோப்புகளுக்கு நகல் எடுத்து வைப்பதால் நகல் மேடம் என்று பேர் வாங்கியவளுக்கு இரண்டு விஷயங்களில் கர்வம் உண்டு. ஒன்று, அந்த மருத்துவமனையில் எந்தக் கோப்பு காணாமல் போனாலும் தொண்ணூறு நாளுக்குள் வந்து கேட்டால் பத்தே நிமிடத்தில் மீட்டுக் கொடுத்துவிடுவாள். இரண்டு, தொண்ணூறு நாள் தாண்டி வந்தால், வந்தவர் தலைகீழாக நின்றாலும் இல்லை என்று சொல்லிவிடுவாள். முதலாவது அவள் திறமை. இரண்டாவது அவளே எழுதிய விதி. உண்மையைச் சொன்னால், திறமையைவிட விதியின் மேல்தான் அவளுக்குப் பாசம் அதிகம்.

அது காது, மூக்கு, தொண்டைக்கான மருத்துவமனை. கணினி அறை மூன்றாம் மாடியில், லிஃப்டுக்கும் சலவை அறைக்கும் நடுவே இருந்தது. இரண்டு சர்வர், கோப்புகளின் நகலை, அதாவது பேக்கப்பை, எடுத்து வைக்கும் பெட்டி ஒன்று, குளிர்சாதனம் ஒன்று, நாற்காலி ஒன்று. இரண்டாவது நாற்காலி போட்டால் கதவைச் சாத்த முடியாது. ஆகவே முறையிட வருகிறவர்கள் நின்றபடியேதான் முறையிட வேண்டும். இந்த ஏற்பாடு அவளுக்கு வசதியாகவே இருந்தது, முறையீடுகள் சீக்கிரம் முடிந்தன.

அவள் மவுஸைத் தொட்டு யாரும் பார்த்ததில்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் கட்டளைகளைத் தட்டிக்கொண்டே போவாள். ஒரே வேலையைத் தினமும் கையால் செய்வது அவளுக்குப் பிடிக்காது என்பதால் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்கிரிப்ட், அதாவது கட்டளைகளின் சின்னப் பட்டியல் ஒன்று, எழுதி, இன்ன நாள் இன்ன நேரத்தில் தானாக ஓடு என்று சொல்லி வைத்திருந்தாள். தினமும் மாறிய கோப்புகளை நகலெடுக்க ஒன்று. சனிக்கிழமை தோறும் எல்லாவற்றையும் முழுசாக நகலெடுக்க ஒன்று. நகல் உயிரோடுதான் இருக்கிறதா என்று புதன்கிழமை தோறும் நாலு கோப்புகளை மீட்டுப் பார்க்க ஒன்று. கடைசியாக, தொண்ணூறு நாள் தாண்டிய பழைய நகல்களை ஞாயிறு காலையில் பெருக்கித் தள்ள ஒன்று. அதற்கு அவள் வைத்த பெயர் ‘துடைப்பம்’.

எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தன, ஒன்றைத் தவிர. பேக்கப் பெட்டி நிரம்பிக்கொண்டே வந்தது. இரண்டு வருடத்தில் மூன்று முறை புது டிஸ்க் வாங்கிப் போட்டாயிற்று. வாரம் தவறாமல் துடைப்பம் பெருக்கியும் வீடு நிறைகிறது என்றால், எவனோ குப்பையைக் கொட்டுகிறான் என்றுதானே அர்த்தம்? அவன் யார் என்பதையும் அவள் கண்டுபிடித்து வைத்திருந்தாள். ஸ்கேன் அறைக்காரர். எல்லோரும் அவரைப் படக்காரர் என்பார்கள். ஒரு தலையை நாற்பது கோணத்தில் படம் பிடித்து, நாற்பதையும் இரண்டு தடவை சேமித்து வைக்கிற மனிதர் என்பது அவள் கட்சி. மாதம் ஒரு மின்னஞ்சல் அனுப்புவாள், மேலாளருக்கு ஒரு பிரதியோடு. அவரும் சளைக்காமல் பதில் போடுவார். “என் படமெல்லாம் எவ்வளவு இடம் எடுக்குதுன்னு கூட்டிப் பாத்தேன் மேடம். உங்க பெட்டியில கால்வாசி கூட வரல. மிச்சம் முக்கால்வாசியை யார் சாப்பிட்டாங்கன்னு பாருங்க.” அவள் பார்க்கவில்லை. அவள் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

இந்த நிலையில்தான் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணிக்கு, முதல் மாடியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் ஒரு அம்மாளை அழைத்துக்கொண்டு கதவருகே வந்து நின்றாள். வந்த அம்மாளுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். கழுத்தில் ஒரு பருத்தித் துணியை அழகாகத் தைத்துக் கட்டியிருந்தார். கையில் ஒரு நோட்டுப் புத்தகம், அதன் கம்பியில் தையல் நூலால் கட்டிய பென்சில்.

“மேடம், இவங்க மைக் அக்கா. ரயில்வே ஸ்டேஷன்ல இருபத்தாறு வருஷம் அறிவிப்பு படிச்சவங்க” என்றாள் பயிற்சியாளர்.

நகல் மேடம் எழுந்து நின்றுவிட்டாள். அவள் யாருக்கும் எழுந்து நிற்பவள் அல்ல. ஆனால் அந்தக் குரலை அந்த ஊரில் தெரியாதவர் யார்? முகத்தை இன்றுதான் பார்க்கிறாள்.

விஷயம் இதுதான். பத்தொன்பது மாதத்துக்கு முன் மைக் அக்காவுக்குக் குரல்வளையை எடுத்துவிட்டார்கள், உயிர் பிழைக்க வேறு வழி இல்லை. அப்படிப்பட்டவர்களுக்கு அந்த மருத்துவமனை ஒரு உதவி செய்யும். அறுவைக்கு முன்பே ஆயிரத்து அறுநூறு வாக்கியங்களை அவர்கள் வாயால் படிக்கவைத்துப் பதிவு செய்துகொள்ளும். அந்தப் பதிவுகளிலிருந்து, பிறகு அவர்கள் எதைத் தட்டச்சு செய்தாலும் அவர்கள் குரலிலேயே பேசுகிற ஒரு கருவியைச் செய்து தரும். மைக் அக்காவும் ஆறு நாள் வந்து எல்லாவற்றையும் படித்துக் கொடுத்தார். அறுவை முடிந்து மூன்றாம் வாரம், எல்லார் மேலும் கோபத்தில், ஒரு படிவத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். ‘எனக்கு இது வேண்டாம். பதிவுகளை அழித்துவிடுங்கள்.’ அன்றைக்கே பயிற்சியாளர் அழித்துவிட்டாள்.

“அப்ப வேண்டாம்னு சொன்னவங்களுக்கு இப்ப எதுக்கு?” என்று நகல் மேடம் கேட்டாள். கேட்ட பிறகுதான் கேட்ட விதம் அவளுக்கே உறைத்தது.

மைக் அக்கா கோபித்துக்கொள்ளவில்லை. நோட்டைத் திறந்து நிதானமாக எழுதி நீட்டினார். ‘வீட்டுக்காரருக்குக் கண் போய்க்கிட்டு இருக்கு. நான் எழுதறதை அவரால இனிமே படிக்க முடியல.’

நகல் மேடம் அதை இரண்டு முறை படித்தாள். அக்காவின் கணவர் தையல்காரர், முப்பது வருடம் ஊசியில் நூல் கோத்த கண் என்று பயிற்சியாளர் மெதுவாகச் சொன்னாள். இவ்வளவு நாளும் அக்கா எழுதுவார், அவர் படித்துப் பதில் சொல்வார். அப்படியே சண்டைகூடப் போட்டுக்கொண்டார்கள். இரண்டு மாதமாக எழுத்து அவருக்கு மங்கல். போனில் கிடைக்கிற ஆயத்தக் குரல் ஒன்றைப் போட்டுப் பார்த்தார்கள். யாரோ ஒருத்தி வீட்டுக்குள் வந்து நிற்கிற மாதிரி இருக்கிறது, அதை நிறுத்து என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டாராம்.

“அக்கா...” நகல் மேடம் நோட்டைத் திருப்பிக் கொடுத்தாள். “நீங்க அழிக்கச் சொல்லி ஒன்றரை வருஷம் ஆச்சு. எங்கிட்ட தொண்ணூறு நாள் நகல்தான் இருக்கும். அதுக்கு மேல எதுவுமே இருக்காது. நானே அப்படித்தான் செஞ்சு வச்சிருக்கேன்.”

மைக் அக்கா தலையை ஆட்டினார். பிறகு எழுதினார். ‘இல்லைன்னு தெரியும். ஒரு தடவை பார்த்துட்டு இல்லைன்னு சொல்லுங்க. அவருகிட்ட போய், தேடிப் பார்த்தாங்கன்னு...’ அத்தோடு பென்சில் நின்றது. அவரிடம் போய் எப்படிச் சொல்வது என்பதுதானே பிரச்சினையே.

இல்லாத ஒன்றைத் தேடுவது ஒன்றும் பெரிய வேலை இல்லை. ஒரு மரியாதைக்காக அவள் உட்கார்ந்து, பெட்டியில் உள்ள வார நகல்களைப் பட்டியல் போடும் கட்டளையைத் தட்டினாள். தொண்ணூறு நாளுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வரி வர வேண்டும்.

வரிகள் வந்தன. வந்துகொண்டே இருந்தன. திரை நிரம்பி மேலே ஓடி, நின்றபோது நூற்றுக்கும் மேல்.

தப்பாகத் தட்டிவிட்டோம் என்று நினைத்து மறுபடி தட்டினாள். அதே நூற்றுச் சொச்சம். இரண்டு வருடத்துக்கு முந்தைய தேதியிலிருந்து ஒரு சனிக்கிழமை விடாமல் எல்லாம் வரிசையாக நின்றன. அவளுக்குக் காது சூடானது. துடைப்பத்தின் ஸ்கிரிப்டைத் திறந்தாள். பதினொரு வரிதான். கடைசி வரியின் கோடியில், அழிக்கும் கட்டளைக்குப் பின்னால், ஒரு சின்னச் சொல் ஒட்டிக்கொண்டிருந்தது.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அழிக்கிற ஸ்கிரிப்டை எழுதிய கையோடு யாரும் நிஜமாக ஓட்டமாட்டார்கள், ஓட்டினவர்கள் பிறகு அந்த வேலையில் இருப்பதில்லை. முதலில் ‘டிரை ரன்’ என்ற ஒரு சொல்லைக் கடைசியில் சேர்த்து ஓட்டுவார்கள். வெறும் ஒத்திகை. இன்னின்னதை அழிப்பேன் என்று பட்டியல் காட்டும், ஒன்றையும் தொடாது, ‘முடிந்தது, பிழை இல்லை’ என்று முடிக்கும். பட்டியல் சரி என்றால் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு நிஜமாக ஓட்ட வேண்டும். அவளும் இரண்டு வருடத்துக்கு முன் ஒத்திகை பார்த்தாள். பட்டியல் சரியாக இருந்தது. அந்த நேரம் பார்த்து மகளுக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து போன் வந்தது. ஓடினாள். மூன்று நாள் கழித்து வந்து, ஸ்கிரிப்டை அப்படியே ஞாயிறு காலைக்குக் கட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். நூறு ஞாயிற்றுக்கிழமைகளாகத் துடைப்பம் சிரத்தையாக வந்து, காற்றைப் பெருக்கிவிட்டு, முடிந்தது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறது. அவளும் கடைசி வரியை மட்டும் படித்துவிட்டுத் திருப்தியாகத் தேநீர் குடித்திருக்கிறாள். மீட்பதை வாரா வாரம் சோதித்தவள், அழிப்பதை ஒரு நாளும் சோதிக்கவில்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது என்று சும்மாவா சொன்னார்கள்?

முதலில் வந்தது வெட்கம்தான். படக்காரருக்கு அனுப்பிய இருபத்துச் சொச்சம் மின்னஞ்சல்களும் வரிசையாக நினைவுக்கு வந்து நெற்றியில் குத்தின. இரண்டாவதாகத்தான் மற்றது புரிந்தது. அழியாமல் கிடந்தவற்றில் அக்காவின் குரலும் இருக்கலாம்.

“அக்கா, பதிவு பண்ணின தேதி என்ன?”

பயிற்சியாளர் தேதியையும் நோயாளி எண்ணையும் சொன்னாள். நகல் மேடம் அந்த வாரத்துச் சனிக்கிழமை நகலைத் திறந்தாள். அங்கே அந்த எண்ணில் ஒரு ஃபோல்டர் இருந்தது. உள்ளே எண்ணிப் பார்த்தால் ஆயிரத்து நாற்பது கோப்புகள்.

“ஆயிரத்து அறுநூறு இருக்கணுமே” என்றாள் பயிற்சியாளர்.

“பேசாம இருங்க. ஆறு நாள் வந்தாங்கன்னு சொன்னீங்க. ஒரே வாரத்துலயா?”

“இல்ல, ரெண்டு வாரம். அக்காவுக்குத் தொண்டை வலிச்சுது.”

அப்படியானால் அந்தச் சனிக்கிழமை பதிவு பாதியில் இருந்திருக்கிறது. அடுத்த சனிக்கிழமையைத் திறந்தாள். ஆயிரத்து அறுநூற்றுப் பன்னிரண்டு. அதற்கடுத்த நாலைந்து வாரங்களிலும் இருந்தது. அப்புறம் அந்த ஃபோல்டரே இல்லை.

மீட்கும்போது அவள் அவசரப்படவில்லை, அந்த ஒழுங்கு மட்டும் அவளை ஒருநாளும் கைவிட்டதில்லை. பயிற்சியாளர் கீழே போய்ப் புதிய ஒப்புதல் படிவம் கொண்டுவந்தாள். மைக் அக்கா கையெழுத்துப் போட்டார். அதன் பிறகே, நடப்பில் உள்ள எதன் மேலும் பட்டுவிடாதபடி தனியாக ஒரு காலி ஃபோல்டரைத் திறந்து, கோப்புகளை அதற்குள் இறக்கினாள். ஒவ்வொன்றும் அன்று இருந்தபடியே, ஒரு புள்ளி மாறாமல் வந்திருக்கிறதா என்று ஒப்பிட ஒரு சின்ன ஸ்கிரிப்டை அங்கேயே எழுதி ஓட்டினாள். ஆயிரத்து அறுநூற்றுப் பன்னிரண்டு முறை ‘சரி’ என்று வந்தது. மூன்று பேரும் கதவைச் சாத்தாமல் நின்று அத்தனை சரியையும் பார்த்தார்கள்.

“அது என்ன பன்னிரண்டு?” என்று நகல் மேடம் கேட்டாள்.

“கடைசியில அவங்கவங்க சொந்தமா எதாவது சொல்லலாம். வீட்டுல கூப்பிடற மாதிரி, திட்டற மாதிரி.” பயிற்சியாளர் ஒன்றைத் தட்டி ஓடவிட்டாள்.

“என்னங்க...” என்றது ஒலிபெருக்கி. அடுத்த சொல் வருவதற்குள் மைக் அக்கா கையை நீட்டி நிறுத்திவிட்டார். சுவரில் சாய்ந்து, துணி கட்டிய கழுத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றார். சத்தமில்லாத அழுகையை நகல் மேடம் அதற்கு முன் பார்த்ததில்லை. அந்த அறையின் ஒரே நாற்காலியை இழுத்து அவருக்குப் போட்டாள். கதவைச் சாத்த முடியவில்லை. போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து அக்கா எழுதினார். ‘உங்களுக்கு எப்படி நன்றி சொல்வேன்.’

“எனக்குச் சொல்லாதீங்க அக்கா. இது என் தப்பு. இது இங்க இருந்திருக்கவே கூடாது. அழிக்கச் சொன்னா அழிக்கணும். அதுதான் உங்களுக்குக் குடுத்த வாக்கு.”

‘அந்தத் தப்புக்குத்தான் நன்றி.’

“அப்படின்னா நானும் ஒண்ணு சொல்லணும்” என்றாள் நகல் மேடம். “ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி இந்த வேலைக்கு இன்டர்வியூவுக்கு வந்தேன். முடிச்சுட்டு ஊருக்குத் திரும்பற ரயிலுக்காக மூணாவது பிளாட்பாரத்துல நிக்கறேன். திடீர்னு அஞ்சாவதுக்கு மாத்திட்டாங்க. எல்லாரும் படியில விழுந்தடிச்சு ஓடறாங்க. நான் அப்ப ஆறு மாசம், மக வயித்துல. என்னால ஓட முடியல, அழுகை வந்துருச்சு. அப்ப மைக்ல நீங்க சொன்னீங்க. ‘மெதுவா வாங்க. எல்லாரும் ஏறின பிறகுதான் வண்டி எடுப்பாங்க. நான் பாத்துக்கிட்டு இருக்கேன்.’ அந்த ‘நான் பாத்துக்கிட்டு இருக்கேன்’... அதை நான் மறக்கவே இல்ல அக்கா.”

மைக் அக்கா அவளையே பார்த்தார். பிறகு எழுதிய எழுத்து கோணல்மாணலாக இருந்தது. ‘அதுக்கு மேலதிகாரிகிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன். எழுதிக் குடுத்ததை மட்டும் படின்னாரு.’

இருவரும் சிரித்தார்கள். ஒருவர் சிரிப்புக்குத்தான் சத்தம் இருந்தது.

மறுநாள் நகல் மேடம் செய்ய வேண்டியதைச் செய்தாள். மேலாளரிடம் போய் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் கொஞ்சம் திட்டினார். திட்ட வேண்டிய அளவுக்குத்தான் திட்டினார். அழிக்கச் சொல்லியும் அழியாமல் கிடந்த குரல் பதிவுகள் இன்னும் ஏழு பேருடையவை. ஏழு பேருக்கும் நடந்ததைச் சொல்லி, மன்னிப்புக் கேட்டு, இப்போது என்ன செய்யட்டும் என்று எழுதிக் கேட்டார்கள். ஐந்து பேர் அழித்துவிடச் சொன்னார்கள். ஒருவர், இருக்கட்டும், யோசித்துச் சொல்கிறேன் என்றார்; அவருடையதைத் தனியாக எடுத்து வைத்தார்கள். இன்னொருவருடைய மகன் நேரிலேயே வந்தான். அப்பா இப்போது இல்லை, ஆனால் அது வேண்டும் என்றான். கொடுத்தார்கள். அதெல்லாம் முடிந்த பிறகே அவள் அந்தச் சின்னச் சொல்லை எடுத்துவிட்டு, துடைப்பத்தை முதல் தடவையாக நிஜமாக ஓட்டினாள். பெட்டியில் முக்கால்வாசி காலியானது. படக்காரர் சொன்ன அதே முக்கால்வாசி.

அவரிடம் நேரில் போனாள். மின்னஞ்சலில் சொல்லித் தப்பித்துக்கொள்ள மனம் வரவில்லை.

“மன்னிச்சிருங்க. உங்க மேல எந்தத் தப்பும் இல்ல. ரெண்டு வருஷமா நானேதான்.”

படக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இதை எழுதிக் குடுங்க மேடம். ஃபிரேம் போட்டு மாட்டணும்.” அப்புறம், “அந்த அம்மா குரல் கிடைச்சுதாமே? நல்லது. நீங்க சொன்ன குப்பைக்குள்ளதானே அது இருந்துச்சு, அப்ப நீங்க திட்டினதெல்லாம் வீண் போகல” என்றார். அதைக் கேட்டு அவளுக்கு அழுகை வந்துவிட்டது. இவ்வளவு நல்ல மனிதரோடா இரண்டு வருடம் மல்லுக்கு நின்றோம் என்று இருந்தது.

ஐந்து வாரம் கழித்துக் குரல் தயாரானது. நகல் மேடத்தையும் கூப்பிட்டார்கள். முதல் மாடியில், சுவரெல்லாம் பஞ்சு வைத்த பயிற்சி அறை. மைக் அக்கா மடியில் ஒரு டேப்லெட்டோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் கணவர். உயரமான மனிதர். சத்தம் வருகிற பக்கமெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

“சரியா வரலைன்னா பரவால்லம்மா” என்று பயிற்சியாளரிடம் அவரே முந்திக்கொண்டு சொன்னார். “இவ கையத் தொட்டே நான் புரிஞ்சுக்கிறேன். கஷ்டப்படுத்தாதீங்க இவள.” ஏமாறத் தயாராகி வந்திருக்கிறார் என்று நகல் மேடத்துக்குத் தெரிந்தது.

மைக் அக்கா தட்டச்சு செய்யத் தொடங்கினார். ஒரு விரலால், ஒவ்வோர் எழுத்தாக. நடுவில் நிறுத்தி, கணவரைத் தலையிலிருந்து இடுப்புவரை ஒருமுறை பார்த்தார். தட்டியதையெல்லாம் அழித்தார். வேறு எதையோ தட்டினார். பொத்தானை அழுத்தினார்.

“என்னங்க” என்றது குரல். ஊர் முழுக்கத் தெரிந்த அதே குரல், ஆனால் ஸ்டேஷனுக்கானது அல்ல, வீட்டுக்கானது. “சட்டையில பட்டன் மாத்திப் போட்டிருக்கீங்க.”

கணவரின் கை மெதுவாக மார்புக்கு ஏறியது. முப்பது வருடம் பட்டன் தைத்த விரல்கள், மேலிருந்து ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டு வந்து, மூன்றாவதில் நின்றன. ஆமாம், ஒரு துளை தள்ளிப் போட்டிருந்தார். அங்கேயே விரலை வைத்தபடி அவர் அழுதார். அழுதுகொண்டே சிரித்தார்.

“இருபது மாசம் கழிச்சு வாயத் திறக்கறா” என்றார் எல்லாருக்கும் பொதுவாக. “மொதல்ல கண்டுபிடிச்சது என் தப்பத்தான் பாத்தீங்களா?”

மைக் அக்கா மறுபடி தட்டினார். இந்த முறை விரல் வேகமாக ஓடியது.

“இன்னும் நிறைய இருக்கு. வீட்டுக்கு வாங்க.”